பழைய வேட்டைத் துப்பாக்கி வாங்கும் முன்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை, பாலமோர் என்று மலையடிவாரத்துப் பழைய வீடுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் இன்னும் சில வேட்டைத் துப்பாக்கிகள் இருக்கின்றன. பாட்டா காலத்தில் வாங்கியது, துரை சீமைக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனது, மகாராஜா கையால் வாங்கியது என்று ஒவ்வொன்றோடும் ஒரு கதை வரும். வாங்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பில் வெட்டியிருக்கிற எண்ணும் லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிற எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சே. கதையெல்லாம் அதற்கு அப்புறம்.

என்னிடம் லைசென்ஸ் இல்லை. துப்பாக்கியைப் பேசி முடித்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகு லைசென்ஸுக்கு எழுதிப் போடலாமா?

வேண்டாம். முதலில் லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியை வாங்குவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம், 'ரெண்டு நாள் வீட்டில் வைத்துப் பார்க்கிறேன்' என்று எடுத்து வருவதும் அதில்தான் சேரும். நம் மாவட்டத்துக்கு உரிமம் கொடுக்கிறவர் கலெக்டர், மாவட்ட நடுவர் என்ற பொறுப்பில். விண்ணப்பம் ஆயுத விதிகள் 2016-இல் உள்ள ஏ-1 படிவம். காவல்துறை விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான சான்று எல்லாம் உண்டு. எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்ற காரணமும் கேட்பார்கள், 'பழைய பொருள்மேல் ஆசை' என்று எழுதினால் மட்டும் நகராது.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு இது மூன்றாக இருந்தது. குடும்பச் சொத்தாக வந்த துப்பாக்கியும் இந்த இரண்டுக்குள்தான் வரும். ஏற்கெனவே இரண்டு இருந்தால் ஒன்றை ஒழுங்காக வேறு கைக்கு மாற்றிவிட்டுத்தான் மூன்றாவதைப் பற்றி யோசிக்கவே முடியும்.

நூறு வருஷத்துக்கு மேல் பழையது, பழம்பொருள், அதற்கு லைசென்ஸே வேண்டாம் என்று விற்கிறவர் சொல்கிறாரே?

இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள். சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள, வழக்கொழிந்த ஆயுதங்களுக்கு விலக்கு கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த விலக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட்டைக் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இரும்புத் தண்டு) கழற்றி எண்ணெய் போட்டால் வேலை செய்யும் என்கிற ரைஃபிள் இந்த விலக்கில் வராது. 1908-இல் செய்த ரைஃபிள் 1908 தோட்டாவை இன்றைக்கும் சுடும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கிதான், வயது ஒரு பொருட்டே இல்லை.

2020-இல் விதிகளைத் திருத்தி, அரும்பொருள் வகையில் வரும் சிறு ஆயுதங்களை வாங்கி வைத்திருக்க உரிமம் வேண்டாம், ஆனால் பயன்படுத்தவோ எடுத்துச் செல்லவோ உரிமம் வேண்டும் என்று தளர்த்தினார்கள். இதை வைத்துப் புதுக்கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் குறிப்பிட்ட துப்பாக்கி அந்த வகையில் வருகிறது என்று கலெக்டர் ஆபீஸில் எழுத்தில் வாங்கினால் சரி. வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு வாங்காதீர்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டத்துக்குள் வரக்கூடும், அப்படி வந்தால் தனி ஆளாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் ஏலத்தில் நல்ல விலை போகும், பிறகு அனுப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கில் வாங்குவதாக இருந்தால் அந்தக் கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள்.

.303 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

கூடாது. .303 அந்தக் காலத்து ராணுவத் தோட்டா, அந்த போர் (குழலின் உள்விட்ட அளவு) தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண உரிமத்தில் அதைச் சேர்க்கவே முடியாது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை உரிமமில்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தப்படி 7 வருஷத்திலிருந்து 14 வருஷம் வரை சிறை. அந்த மலிவு விலைக்குக் காரணமும் இதுவேதான்.

நம் ஊர்ப்பக்கம் சட்டப்படி கைமாறும் பழைய ரைஃபிள்களில் அதிகம் காணக்கிடைப்பது .315. சாதாரண ஆட்களுக்கு .303 கொடுக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு வைத்திருந்ததால், ராணுவத்தின் லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் போன்ற அதே உடம்பில் வேறு தோட்டா போடும்படி பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ கம்பெனி செய்த ரைஃபிள் அது. பிறகு வங்காளத்தில் இருக்கிற இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையும் செய்தது, தோட்டா இன்றைக்கும் உள்நாட்டிலேயே தயாராகிறது. சிக்கல் என்னவென்றால் .303-உம் .315-உம் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். புத்தகத்தில் .315 என்று எழுதியிருக்கும், உள்ளே சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) .303 ஆக இருக்கலாம், அல்லது பின்னால் யாரோ குழலை மாற்றியிருக்கலாம். குழல்மேல் வெட்டியிருப்பதை வாசித்ததோடு நிற்காமல், உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் சேம்பரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டையிலோ இரும்பிலோ அகன்ற அம்புக்குறி முத்திரை இருந்தால் அது ஒரு காலத்தில் அரசாங்கத்தின் உடைமை. எப்படி வெளியே வந்தது என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால் தொடாமல் வந்துவிடுங்கள்.

பெரிய மிருகத்துக்கான இரட்டைக்குழல் ரைஃபிள்கள், .470, .465, .375 மாதிரி, எப்போதாவது வரும். அழகான பொருள்கள், மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்குத் தோட்டா கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் ஒரு தோட்டாவின் விலையைக் கேட்டால் சுட மனசு வராது.

விற்கிறவரிடம் என்ன காகிதம் கேட்க வேண்டும்?

அவருடைய லைசென்ஸ் புத்தகம், அசல். ஜெராக்ஸ் போதாது. அதில் எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள்: யார் பெயரில், புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கிறதா, யூஐஎன் எனப்படும் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, துப்பாக்கியின் வகை, போர், செய்தவர் பெயர், எண் எப்படி எழுதியிருக்கிறது என்று. அப்புறம் அவர் யாரிடமிருந்து வாங்கினார் என்பதற்கான பில் அல்லது மாற்றப் பதிவு. அவருக்கு முன் இருந்தவரின் பெயர் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பூர்வீகம் தேடுவது இந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவதுதான்.

தனி ஆள் தனி ஆளுக்கு விற்கும்போது, விற்கிறவர் தான் இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று உங்கள் பெயர், விலாசத்தோடு மாவட்ட நடுவருக்கோ பக்கத்துக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம். 'நாளைக்கே எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது' என்று அவசரப்படுத்துகிறவர் இந்த 45 நாளைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். எழுதிக் கொடுத்ததற்கு ரசீது முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி உங்கள் கையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் திருவிதாங்கூர் காலத்தது. வருஷம் 1112 என்று போட்டிருக்கிறது. இது என்ன?

கொல்லம் ஆண்டு. நம் மாவட்டத்துக்கே உரிய சங்கதி இது, மதுரையிலோ கோயம்புத்தூரிலோ துப்பாக்கி வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லையும் இல்லை, இந்த வசதியும் இல்லை. 1956 நவம்பர் 1-இல்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு முந்தைய காகிதம் எல்லாம் திருவிதாங்கூர் அரசோ, 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி அரசோ கொடுத்ததாகத்தான் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கலாம், மலையாளத்தில் இருக்கலாம்.

கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் மாசம் பிறக்கும்போது தொடங்கும். ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரைக்கும் 824-ஐக் கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து அடுத்த ஆகஸ்ட் நடு வரைக்கும் 825-ஐக் கூட்ட வேண்டும். கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27, அதாவது 1936 நவம்பர் 12, இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. ஆக, 1112 என்று போட்ட உரிமம் 1936-37-ஐச் சேர்ந்தது. அதே துப்பாக்கியை '1950-இல் துரை விட்டுப்போனது' என்று ஒருவர் சொன்னால், துரைக்கு முன்னால் அது யார் பெயரில் இருந்தது என்ற கேள்வி தானாக வந்துவிடும். உரிமத்தின் பழைய தடம் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் கிடைக்காவிட்டால், திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள் திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அங்கே விண்ணப்பித்துத் தேடலாம். பொறுமை வேண்டும். ஆனால் ஒரு பெயரும் ஒரு வருஷமும் கையில் இருந்தால் தேடல் பாதி சுலபம்.

இன்னொன்று, அந்தப் பழைய காகிதம் சரித்திரத்துக்கு உதவும், சட்டத்துக்கு உதவாது. இன்றைய தேதியில் செல்லுபடியாகிற உரிமத்தில் அந்தத் துப்பாக்கி ஏறியிருக்க வேண்டும்.

துப்பாக்கியில் எண் எங்கே இருக்கும்? எப்படிப் பார்ப்பது?

போல்ட் ரைஃபிள் என்றால் குழல் வந்து சேருகிற ரிசீவர்மேலும், குழலிலும், போல்ட் கைப்பிடியின் அடியிலும் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் நல்லது. போல்ட்டில் மட்டும் வேறு எண் என்றால் எங்கேயோ எப்போதோ வேறு ரைஃபிளின் போல்ட்டை மாட்டியிருக்கிறார்கள், அது விலையைக் குறைக்கும், பாதுகாப்பையும் சோதிக்க வேண்டும். இரட்டைக்குழலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்: குழல்களின் அடித்தட்டு, முன்கட்டையின் இரும்பு, குதிரைக் காவலின் (விசையைச் சுற்றிய வளையம்) வால். நல்ல கம்பெனித் துப்பாக்கியில் இவை எல்லாவற்றிலும் ஒரே எண் இருக்கும்.

எண்ணைச் சும்மா வாசித்தால் போதாது, அதன் தோற்றத்தையும் பார்க்க வேண்டும். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில் காட்டிய பிஎஸ்ஏ ரைஃபிளில், டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, நான்கு இலக்கம் ஆழமாகவும் ஓரம் மழுங்கியும் இருந்தன, கடைசி இலக்கம் மட்டும் கூர்மையாக, சற்றே மேலே ஏறி, சுற்றிலும் இரும்பு லேசாகப் பள்ளமாக இருந்தது. அந்த இடத்தில் அரம் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்கே அது தெரியாது, அவர் கைக்கு வருவதற்கு முன்னால் நடந்த வேலை. அவரிடம் அதை எடுத்துச் சொல்லி, விற்கும் பேச்சை நிறுத்திவிட்டுக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு எண்ணை அழிப்பதையும் மாற்றுவதையும் தடுக்கிறது, அடையாளம் இல்லாத துப்பாக்கியை விற்பதையும் தடுக்கிறது. அது மட்டுமில்லை, எண் மாற்றிய துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே மாற்றினார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மறுநாள் அந்தப் பாடு உங்களுடையது.

எண் பொருந்தவில்லை என்றால் எல்லாமே மோசடி என்றும் முடிவு கட்டாதீர்கள். பேட்டன்ட் எண்ணையே துப்பாக்கி எண் என்று பழைய புத்தகத்தில் எழுதிவைத்திருக்கலாம். ரிக்பி போன்ற கம்பெனிகள் ஜெர்மனியிலிருந்து, தோட்டாவை ஏற்றிப் பூட்டிச் சுடும் இயங்குபகுதியான மௌசர் ஆக்‌ஷனை வரவழைத்துத் தங்கள் குழலைப் போட்டு விற்றன, அதில் மௌசரின் எண் ஒன்றும் ரிக்பியின் எண் ஒன்றும் இருக்கக்கூடும். புத்தகத்தில் ஏறியிருப்பது எது என்று பார்த்து, தவறாக ஏறியிருந்தால் விற்கிறவரே தன் பெயரில் இருக்கும்போதே திருத்திய பிறகு வாங்குங்கள்.

குழலின் அடியில் கிரீடம், எழுத்து என்று பொடிப்பொடியாக முத்திரைகள் இருக்கின்றன. அவற்றால் என்ன பயன்?

துப்பாக்கியின் வயதைப் பற்றிப் பொய் சொல்லாத சாட்சி இதுதான். இங்கிலாந்தில் செய்த ஒவ்வொரு துப்பாக்கியையும் அதிகமான மருந்து போட்டு சுட்டுச் சோதித்து முத்திரை குத்துவார்கள். அதற்கு இரண்டு இடங்கள், ஒன்று லண்டன், மற்றது 1813-இல் தொடங்கிய பர்மிங்ஹாம். லண்டன் முத்திரையில் கிரீடத்துக்குக் கீழே ஜிபி என்ற எழுத்துகள் பின்னிக் கிடக்கும். பர்மிங்ஹாமில் 1904 வரைக்கும் கிரீடத்தோடு குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்கள், 1904-லிருந்து 1954 வரைக்கும் கிரீடத்தின்கீழ் பிபி, பிவி, என்பி, 1954-க்குப் பிறகு பிஎன்பி. 1921-லிருந்து பர்மிங்ஹாமில் ஆண்டைக் காட்டும் எழுத்தும் சேரும்.

ஆக, 1910 மாடல் என்று சொல்கிற ரைஃபிளில் கிரீடத்தின்கீழ் பிஎன்பி மட்டும் இருந்தால், ஒன்று அது 1954-க்குப் பிந்தியது, இல்லை குழல் மாற்றி மறுபடி சோதித்தது. பெரிய போர் ரைஃபிள்களில் எவ்வளவு கார்டைட் மருந்து, எவ்வளவு எடையுள்ள குண்டு என்பதும் வெட்டியிருக்கும், 75-500 என்று கண்டால் அது .470-க்கானது.

போரையும் வருஷத்தையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதும் நல்ல வழி. 1907-இல் .450 போர் ரைஃபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள், அந்தக் காலத்து ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கான தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற பயம். அந்தத் தடையால்தான் .465, .470, .475 எல்லாம் பிறந்தன. '1912-இல் கப்பலில் புதிதாக வந்தது' என்று ஒரு .450-ஐக் காட்டினால் கூடுதலாக நாலு கேள்வி கேளுங்கள். 1907-க்கு முன்னால் வந்ததாக இருந்தால் பிரச்சினை இல்லை.

குழல்மேல் 'பி.ஆர் அண்ட் சன்ஸ், மதராஸ்' என்று இருக்கிறது. அவர்கள்தான் செய்தவர்களா?

விற்றவர்கள். இன்றைக்கு அண்ணா சாலையில் கடிகாரக் கடையாக நாம் அறிந்த அதே பெயர்தான், அந்தக் காலத்தில் துப்பாக்கியும் விற்றார்கள். கல்கத்தாவில் மான்டன், ரோடா, லயன் அண்ட் லயன் ஆகியவையும் இப்படித்தான். இங்கிலாந்துப் பட்டறைகளில் செய்து, குழல்மேல் கடைக்காரர் பெயரை வெட்டி வாங்கிக்கொள்வது அன்றைய வழக்கம். இதனால் பொருள் மட்டம் என்று ஆகிவிடாது. ஆனால் 'லண்டன் கம்பெனி ரைஃபிள்' என்ற விலையைக் கொடுப்பதற்கு முன் முத்திரையைப் பார்த்து, எந்த ஊரில் சோதித்தது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

செய்த கம்பெனிக்கே எழுதிக் கேட்டால் பதில் வருமா?

பல கம்பெனிகளிடம் வரும். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ரிக்பி, பர்டி ஆகியவை தங்கள் பழைய பேரேடுகளைக் காத்து வைத்திருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால், கட்டணம் வாங்கிக்கொண்டு, எப்போது முடித்தது, என்ன போர், யாருக்கு அனுப்பியது என்று பேரேட்டில் இருப்பதை எடுத்து எழுதித் தருவார்கள். பழைய அமெரிக்க வின்செஸ்டர் என்றால் வயோமிங் மாநிலத்து கோடி நகரில் இருக்கிற துப்பாக்கி அருங்காட்சியகத்தில் பல மாடல்களுக்கு இதேமாதிரி கடிதம் வாங்கலாம். தெளிவான படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினால் போதும், துப்பாக்கியை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை, அனுப்பவும் கூடாது.

பேரேட்டில் குழலின் நீளம் 28 அங்குலம் என்றிருந்து கையில் இருப்பது 24 அங்குலம் என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அந்தக் கடிதம், பிரேம் போட்டு மாட்டி வைக்க அல்ல. காசு கொடுப்பதற்கு முன்னாலேயே, விற்கிறவர் சம்மதத்தோடு எழுதிக் கேளுங்கள்.

மகாராஜா பரிசாகக் கொடுத்தது என்கிறார்கள். எப்படி நம்புவது?

வேட்டைத் துப்பாக்கி உலகத்திலேயே பேர்போன ஒரு பூர்வீகத்தைச் சொல்கிறேன். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-இல் ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் ஒரு .275 ரிக்பி ரைஃபிளைப் பரிசளித்தார். அந்த ரைஃபிளின் கட்டையில் யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தது என்று வெள்ளித் தகட்டில் பொறித்திருக்கிறது. பல கை மாறி 2015-இல் ரிக்பி கம்பெனியிடமே திரும்பி வந்தது. தகடு இருக்கிறது, கம்பெனி இருக்கிறது, கைமாறிய தடம் இருக்கிறது, மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

உங்களுக்குக் காட்டுகிற துப்பாக்கியில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். சங்கு முத்திரை இருந்தால் திருவிதாங்கூர் அரசோடு தொடர்பு இருந்திருக்கலாம், ஆனால் அரண்மனைப் பொருளா, படைக்குரிய பொருளா, பரிசா என்பதை முத்திரை மட்டும் சொல்லிவிடாது. வெள்ளித் தகடு இருந்தால் அதன் ஆணிகளைக் கவனியுங்கள், பழைய மரத்தில் புதுத் துளை போட்டால் மரத்தின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். மகாராஜாவோடு பாட்டா நிற்கும் போட்டோவில் கையில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்பதும் ஆதாரம் ஆகாது, அதே துப்பாக்கிதானா என்று போட்டோவில் எண்ணா தெரியப் போகிறது? கதை அழகாக இருந்தால் கேட்டு ரசியுங்கள். கதைக்கென்று தனியாக விலை போட்டால் காகிதம் கேளுங்கள்.

துப்பாக்கியின் நிலை எப்படி இருக்க வேண்டும்?

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு, பாதி ஊர்களில் உப்புக்காற்றும் உண்டு. இரும்புக்கு இதைவிடக் கெட்ட இடம் கிடையாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு தேர்தலின்போதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் வழக்கம், உறையோடு போட்டு வைத்திருந்தால் தோல் உறைக்குள் ஈரம் பிடித்து வெளியே வரும்போது துரு புள்ளி வைத்திருக்கும்.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சத்துக்கு நேராகக் குழலுக்குள் பாருங்கள். சுருள்வரிகள் தெளிந்து, விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். கறுத்த குழிகள் சேம்பரை ஒட்டி இருந்தால் சுடுவதற்கு வாங்காதீர்கள். வெளியே பளபளவென்று புதுக் கருநீலப் பூச்சு இருந்து, முத்திரைகளின் ஓரம் மங்கியிருந்தால் தேய்த்துப் பூசியிருக்கிறார்கள். பழைய மங்கலான பூச்சு எனக்கு நூறு மடங்கு மேல். கட்டை வால்நட் மரமாக இருக்க வேண்டும், நம் ஊரில் ஒடிந்துபோன கட்டைக்குப் பதிலாகத் தேக்கிலோ அயனியிலோ ஆசாரி செதுக்கிப் போட்டது உண்டு. சுடுவதற்கு அது குறையில்லை, சேகரிப்புக்கு என்றால் விலை கணிசமாகக் குறைய வேண்டும். கட்டையும் இரும்பும் சேருகிற இடத்தில், குதிரைக்குப் பின்னால் இருக்கிற மெலிந்த கழுத்தில், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

எவ்வளவு நன்றாக இருந்தாலும், உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு தோட்டாகூடச் சுடாதீர்கள்.

திருவனந்தபுரத்தில் ஒன்று விலைக்கு இருக்கிறது. காரில் எடுத்து வந்துவிடலாமா?

களியக்காவிளை தாண்டினால் வேறு மாநிலம். உங்கள் உரிமம் எந்த எல்லைக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் துப்பாக்கியோடு நிற்கவே கூடாது. அந்த மாவட்டத்து அதிகாரியின் தடையின்மைச் சான்று, இங்கே கலெக்டர் ஆபீஸின் அனுமதி, எடுத்து வருவதற்கான அனுமதி எல்லாம் ஆன பிறகு எடுத்து வாருங்கள். இரண்டு பக்கமும் உரிமம் பெற்ற கடைகள் வழியாகச் செய்தால் தலைவலி குறைவு.

விலை ஏன் இவ்வளவு? வெளிநாட்டுத் தளங்களில் இதே மாடல் சல்லிசாக இருக்கிறதே.

1980-களின் நடுவிலிருந்து தனி ஆட்கள் துப்பாக்கி இறக்குமதி செய்ய முடியாது. ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பதுதான் சுற்றிச் சுற்றி வருகிறது, அதனால் சாதாரண வெளிநாட்டு மாடலுக்கும் இங்கே யானை விலை. வெளிநாட்டு விலையோடு ஒப்பிட்டு வருத்தப்படுவதில் பயன் இல்லை, உள்ளூர்த் துப்பாக்கிக் கடைகள் இரண்டு மூன்றில் விசாரித்தால் நிலவரம் பிடிபட்டுவிடும்.

வாங்கினால் காட்டுப்பன்றி சுடலாமா? வாழையெல்லாம் நாசமாகிறது.

வாழை போட்டவனின் வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். ஆனாலும் முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, துப்பாக்கி உரிமம் வேட்டை அனுமதி ஆகாது. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள். 2008-இல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் அறிவித்த பிறகு நம் மலைப்பகுதியில் பெரும்பாலான காடு அதற்குள்தான் இருக்கிறது, துப்பாக்கியோடு உள்ளே பிடிபட்டால் சுட்டாலும் சுடாவிட்டாலும் வழக்குதான். வேட்டை ரைஃபிள் என்பது இன்றைக்கு ரைஃபிள் கிளப்பில் இலக்கைச் சுடவும், எண்ணெய் போட்டுப் பாதுகாக்கவுமான பொருள்.

துப்பாக்கியோடு மான் கொம்பும் புலித்தோலும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார்.

தொடாதீர்கள். காசுக்கும் கூடாது, சும்மா கொடுத்தாலும் கூடாது.

எங்கள் பாட்டா இறந்து பத்து வருஷம் ஆகிறது. மச்சில் அவருடைய துப்பாக்கி துணியில் சுற்றி இருந்தது. விற்கலாமா?

விற்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் அது இப்போது யாருடைய உரிமத்திலும் இல்லை. உரிமம் முடிந்துபோன துப்பாக்கியைத் தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. ஒளித்து வைக்காதீர்கள், இரவோடு இரவாகக் குளத்தில் போடுகிற யோசனையும் வேண்டாம். பாட்டாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வக்கீலைக் கூட வைத்து, காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிட்டு அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். நீங்களாகச் சாலையில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒப்படைத்ததற்கான ரசீதில் செய்தவர் பெயரும் எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் குடும்பத்தில் ஒருவர் வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். இப்போது வீட்டில் உரிமத்தோடு பெரியவர் யாராவது இருந்தால், அவர் 70 வயது ஆனதும், அல்லது அந்தத் துப்பாக்கியை 25 வருஷம் வைத்திருந்ததும், இரண்டில் எது முந்தியோ அப்போதே, தான் விரும்பும் வாரிசுக்கு மாற்ற 2016 விதிகளின் 25-ஆம் விதியில் வழி இருக்கிறது. அவர் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போதே இந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி எங்கே, யாரிடம், எப்போது வாங்கியது என்று அவருக்கு ஞாபகம் இருப்பதைத் தேதி போட்டு எழுதி, அவர் கையெழுத்தோடு லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.